எல்லா பல்பையும் மாற்றியும் கரண்ட் பில் ஏன் இறங்கவில்லை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் மாடி வீடு, மேலே மொட்டை மாடி, ஏசி கிடையாது, பாட்டியோடு சேர்த்து ஐந்து பேர். எட்டு சிஎஃப்எல் பல்புகளைக் கழற்றி எல்இடி போட்டீர்கள். டியூப்லைட் இரண்டையும் நன்றாக எரிகிறதே என்றும், ராத்திரி விளக்கு இரண்டையும் 'ஜீரோ வாட்'தானே என்றும் விட்டுவிட்டீர்கள். இரண்டு மாத ரீடிங் 551-லிருந்து 540-க்கு இறங்கியது, அவ்வளவுதான். இனி ஐந்து சீலிங் ஃபேனையும் பிஎல்டிசியாக, அதாவது கரண்ட் குறைவாக இழுக்கும் காந்த மோட்டார் ஃபேனாக, மாற்றப் பதினைந்தாயிரம் போடலாமா, அதுவும் பல்பு மாதிரி ஏமாற்றிவிடுமா என்பது உங்கள் பயம். கூடவே ரெகுலேட்டரைக் குறைத்து வைத்தால் மிச்சமாகுமா, பிளக்கில் சொருகும் 'பவர் சேவர்' பெட்டி உதவுமா என்று இரண்டு கேள்வி. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், கையில் இருக்கும் பணத்தை எதில் முதலில் போடுவது என்று கேட்கிறீர்கள். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் ஐடிஐ எலக்ட்ரீஷியன் படித்தவன். வீட்டு வயரிங்கும், மோட்டார், ஃபேன்களுக்குக் காயில் கட்டுவதுமாக இருபத்தேழு வருடம் ஓடிவிட்டது. உங்கள் வீட்டை நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதிய மணிக்கணக்கை நம்பித்தான் கீழே கூட்டிக் கழித்திருக்கிறேன். அதைச் சரிபார்க்க ஒரு வழியும் சொல்கிறேன், பத்து பைசா செலவில்லை.

பல்பு உங்களை ஏமாற்றவில்லை. நீங்கள் கழற்றியது ஏற்கெனவே சிக்கனமான விளக்கு. 15 வாட் சிஎஃப்எல்லைக் கழற்றி 9 வாட் எல்இடி போட்டால் மிச்சம் 6 வாட். எட்டு பல்பு, நாளுக்கு நான்கு மணி நேரம், அறுபது நாள்: பதினொன்றரை யூனிட். உங்கள் மீட்டர் காட்டியதும் அதேதான். 60 வாட் குண்டு பல்பு எரிந்த காலத்தில் எல்இடிக்கு மாறியிருந்தால் பில்லில் அடிபட்ட மாதிரித் தெரிந்திருக்கும். எல்லோரும் சொல்லும் 'எல்இடி போட்டால் பில் பாதியாகும்' என்பது அந்தக் குண்டு பல்பு காலத்துப் பேச்சு. மலிவு விலையில் எல்இடி பல்பு கொடுக்க 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்துக்காக மத்திய அரசு மொத்தமாக வாங்கியதில், 2014-ல் 310 ரூபாயாக இருந்த பல்பின் கொள்முதல் விலை இரண்டே வருடத்தில் 38 ரூபாய்க்கு வந்தது. ஊரெல்லாம் எல்இடி பரவியதற்கு அதுதான் காரணம். அதோடு அந்தப் பேச்சும் பரவி இன்னும் நிற்கிறது.

இப்போது ஃபேனுக்கு வருவோம். ஹாலில் 14 மணி நேரம், பாட்டி அறையில் 18, படுக்கையறை இரண்டில் தலா 9, சாப்பிடும் இடத்தில் 4 என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டினால் நாளுக்கு 54 மணி நேரம் உங்கள் வீட்டில் ஏதோ ஒரு ஃபேன் சுற்றுகிறது. சாதாரண 48 இஞ்ச் சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் இழுக்கும். 75 என்று வைத்தால் நாளுக்கு நான்கு யூனிட், இரண்டு மாதத்துக்கு 243 யூனிட். உங்கள் 540-ல் கிட்டத்தட்டப் பாதி! எட்டு எல்இடி பல்பும் சேர்ந்து எரிப்பது 17 யூனிட்தான். நம் ஊரில் ஏசி இல்லாத வீட்டில் பில்லைத் தூக்குவது பெரும்பாலும் தலைக்கு மேலே சுற்றுவதுதான். ஆனால் விளக்கு எரிவது கண்ணுக்குத் தெரிகிறது, 'யார்டா லைட்டை அணைக்காமப் போனது' என்று திட்டுகிறோம். ஆளில்லாத ஹாலில் சுற்றும் ஃபேனை யாரும் கவனிப்பதில்லை.

அந்த ஃபேனுக்கு 75 வாட் எதற்கு என்பதை என் பட்டறை மேஜையில் பார்த்தால் புரியும். இரண்டு மணி நேரம் ஓடிய சாதாரண ஃபேனை நிறுத்திவிட்டு நடுவில் இருக்கும் கிண்ணத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். உள்ளே இருப்பது இண்டக்ஷன் மோட்டார். நடுவில் அசையாமல் இருக்கும் காயிலில் கரண்ட் பாய்ந்து, சுற்றும் பாகத்திலும் ஒரு கரண்ட்டைத் தூண்டி, அந்தக் கரண்ட்டின் காந்தத்தால்தான் ஃபேன் சுற்ற வேண்டும். இவ்வளவு சின்ன மோட்டாரில் அந்தச் சுற்றுவழியில் பாதிக்கு மேல் சூடாகவே போய்விடுகிறது. அந்தச் சூட்டையும் உங்கள் அறைக்குள்தான் ஊதுகிறது. பிஎல்டிசியில் சுற்றும் பாகத்தில் நிரந்தரக் காந்தத் துண்டுகளை ஒட்டியிருப்பார்கள். காந்தத்தைக் கரண்ட் செலவழித்து உண்டாக்க வேண்டியதில்லை, ஒரு சின்ன சர்க்யூட் போர்டு காயில்களை மாற்றி மாற்றி இயக்கினால் போதும். அதே காற்றுக்கு 28 முதல் 35 வாட். தொட்டால் வெதுவெதுப்புதான் இருக்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, இதை நான் அடித்துச் சொல்வேன்.

என் பேச்சை நம்ப வேண்டாம், மீட்டரைக் கேளுங்கள். உங்கள் வீட்டில் எலக்ட்ரானிக் மீட்டர்தான் இருக்கும். அதன் முகப்பில் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்திலேயே 3200 அல்லது 1600 என்று ஓர் எண் அச்சாகியிருக்கும். ஒரு யூனிட் ஓடினால் அந்த விளக்கு எத்தனை தடவை மினுக்கும் என்பது அந்த எண். பகலில் ஒரு பத்து நிமிடம் ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், டிவி, செட் டாப் பாக்ஸ் எல்லாவற்றையும் பிளக்கிலேயே அணைத்துவிட்டு, ஒரே ஒரு ஃபேனை மட்டும் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு பத்து மினுக்கல் எண்ணுங்கள், ஆன விநாடியைப் பத்தால் வகுங்கள். 3200 மீட்டரில் ஒரு மினுக்கலுக்கு இத்தனை விநாடி என்று கிடைத்த எண்ணால் 1125-ஐ வகுத்தால் வாட் வந்துவிடும். 1600 மீட்டர் என்றால் 2250-ஐ வகுக்கணும். 15 விநாடிக்கு ஒரு மினுக்கல் என்றால் 75 வாட் ஃபேன். போன வருடம் ஒரு வீட்டில் இப்படி எண்ணியபோது ஒரு ஃபேனுக்கு மட்டும் 11 விநாடிதான் வந்தது, அதாவது நூறு வாட்டைத் தாண்டி. கேட்டால், இரண்டு தடவை காயில் கட்டியதாம். சுற்று எண்ணிக்கையைக் குறைத்துக் கட்டினால் ஃபேன் ஓடும், காற்றும் வரும், ஆனால் கூடுதலாக இழுக்கும். எங்கள் தொழிலில் இப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது, வயரிங்கைப் பார்க்க ஆள் கூப்பிடுங்கள். ஒன்று, ராத்திரி விளக்கு போன்ற பத்து வாட்டுக்குக் குறைந்த சமாசாரத்தை இந்த முறையில் அளக்க முயலாதீர்கள், மீட்டர் சரியாகக் காட்டாது.

பணக் கணக்கு இதைவிடச் சுவாரசியம். யூனிட்டை மிச்சப்படுத்துவது வேறு, ரூபாயை மிச்சப்படுத்துவது வேறு. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டை 2016-ல் இலவசமாக்கினார்கள். அதனால் நூறுக்குள் ஓட்டும் வீட்டில் பிஎல்டிசி போட்டால் பில்லில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. உங்கள் வீடு அதற்கு நேர் எதிர்முனை. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப் படியை எடுத்துக்கொள்வோம். 500 யூனிட் வரை ஓட்டினால் 101-லிருந்து 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். மொத்தம் 1,725. 500-ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய் என்பதோடு விடுவதில்லை, அந்த 2.25 சலுகையும் பறிபோய் 101-லிருந்தே 4.50 ஆகிவிடும். 510 யூனிட் ஓட்டியவர் கட்டுவது 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய். 540-க்கு 2,270. அதற்குப் பிறகும் கட்டணம் மாறியிருக்கிறது, உங்கள் கடைசி ரசீதில் இருக்கும் விகிதத்தைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் நிலைமையில் குறி ஒன்றுதான். 540-ஐ எப்படியாவது 500-க்குக் கீழே, கொஞ்சம் இடைவெளி விட்டு, கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

அதற்கு முதல் வேலை ஃபேனே இல்லை, நீங்கள் விட்டுவைத்த நான்கு விளக்கு. பழைய டியூப்லைட் பட்டியின் ஓரத்தில் செங்கல் துண்டு மாதிரி கனமாக ஒரு சோக் இருக்கும், 'ங்ங்' என்று உறுமும். டியூப் 40 வாட் என்றால் சோக் தன் பங்குக்கு இன்னொரு பன்னிரண்டு வாட் தின்னும். ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 15.6 யூனிட். அதே வெளிச்சத்துக்கு 20 வாட் எல்இடி பட்டி 6 யூனிட். இரண்டு பட்டிக்கும் சேர்த்து மிச்சம் 19. ராத்திரி விளக்குதான் வேடிக்கை. ஜீரோ வாட் என்று ஒரு விளக்கு உலகத்தில் கிடையாது. அந்தக் குட்டிக் கலர் பல்பு 12 முதல் 15 வாட் எடுக்கும். சக்கரம் சுற்றும் பழைய மீட்டரில் அவ்வளவு சின்ன இழுப்பு ஒழுங்காகப் பதிவாகாது, அதனால் வந்த பெயர். ராத்திரி ஒன்பது மணி நேரம் எரிந்தால் ஒரு பல்பே இரண்டு மாதத்தில் 8 யூனிட். நீங்கள் மாற்றிய எட்டு பல்பில் மிச்சமானது பதினொன்றரை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அரை வாட் எல்இடி ராத்திரி விளக்கு ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும். ஆக இந்த நான்கையும் மாற்ற அறுநூறு ரூபாய், மிச்சம் 35 யூனிட், ரீடிங் 505.

அடுத்தது பாட்டி அறை. 18 மணி நேரம் ஓடும் அந்த ஒரு ஃபேனை மட்டும் பிஎல்டிசி ஆக்குங்கள். முழு வேகத்தில் ஓடுவதாக வைத்தால் மிச்சம் 48 யூனிட். ஆனால் வயதானவர்கள் அறையில் ஃபேன் முழு வேகத்தில் ஓடாது, இரண்டிலோ மூன்றிலோதான் இருக்கும். அப்போது பழைய ஃபேனின் இழுப்பும் குறைவு, மிச்சமும் குறைவு. அதனால் நான் 32 என்றே வைக்கிறேன். 505-லிருந்து 473. பில் 1,563. நீங்கள் இப்போது கட்டுவதைவிட எழுநூறு ரூபாய் குறைவு, ஒவ்வொரு இரண்டு மாதமும். போட்ட பணம் ஃபேனோடு சேர்த்து 3,600 என்றால் ஐந்து பில்லில் எடுத்துவிடலாம். மார்கழி, தை மாதத்தில் ஃபேன் ஓடுவது குறையும், அதற்கு ஒரு பில் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஹால் ஃபேன் மூன்றாவது. அதில் இரண்டு மாதத்துக்கு 150-லிருந்து 230 ரூபாய் மிச்சமாகும், போட்ட பணம் திரும்ப இரண்டரை மூன்று வருடம். கையில் பணம் இருந்தால் போடலாம், சித்திரை வெயிலில் 500-ஐத் தாண்டாமல் இருக்கவும் உதவும். படுக்கையறை இரண்டும் ஒன்பது மணி நேர ஃபேன்கள், போட்ட பணத்தை எடுக்க நாலு ஐந்து வருடம். அவை தானாகப் பழுதாகும் வரை விடுங்கள். சாப்பிடும் இடத்து ஃபேனில் எட்டுப் பத்து வருடம் ஆகும், அதற்குள் பிஎல்டிசியே பழையதாகிவிடும். அதைத் தொடவே தொடாதீர்கள். கடைக்காரர் 'அஞ்சும் சேர்த்து எடுத்தா டிஸ்கவுண்ட் தர்றேன் சார்' என்பார். சிரித்துக்கொண்டே ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பிஎல்டிசி எத்தனை வருடம் உழைக்கும் என்பதில்தான் எனக்கே முழு நிச்சயம் இல்லை. சாதாரண ஃபேன் இருபத்தைந்து முப்பது வருடம் ஓடியதை நான் கையால் பிரித்துப் பார்த்திருக்கிறேன். பேரிங் போகும், கண்டன்சர் போகும், காயில் கருகும், எல்லாவற்றுக்கும் தெருமுனையில் மருந்து உண்டு. பிஎல்டிசியில் காந்தமும் காயிலும் சுலபத்தில் போகாது, போவது அந்தச் சர்க்யூட் போர்டுதான். இடி மின்னலிலும், வோல்டேஜ் எகிறும்போதும் அடிபடும். அதை என்னைப் போன்றவர்கள் சரிசெய்வது அரிது, அதே கம்பெனி போர்டையே வாங்கி மாற்ற வேண்டும். ஆகவே வாரண்டி மூன்று வருடத்துக்குக் குறைந்ததை வாங்காதீர்கள், உங்கள் ஊரில் சர்வீஸ் ஆள் இருக்கிற கம்பெனியா என்று முதலில் கேளுங்கள். இடி இடிக்கும்போது ஸ்விட்ச்சை அணைத்துவிடுவது இப்போது டிவிக்கு மட்டும் செய்கிறோம், இனி அந்த ஃபேனுக்கும் செய்யுங்கள்.

பாட்டி அறைக்கு என்பதால் இன்னொன்று. பெரும்பாலான பிஎல்டிசி ரிமோட்டோடு வருகிறது. எங்கள் அத்தைக்கு ஒன்று மாட்டிக் கொடுத்தேன். ஒரே வாரம். ரிமோட் தலையணை உறைக்குள் போய், துவைக்கும் கல்லுக்கும் போய்விட்டது. 'பழையபடி திருகுற மாதிரி வைச்சுக் குடுடா' என்றார். சுவரில் திருகிப் பொருத்துகிற மாதிரி கட்டுப்பாட்டோடு வரும் பிஎல்டிசியும் உண்டு, ஸ்விட்ச்சை அணைத்து உடனே போட்டால் வேகம் மாறும் வகையும் உண்டு. பாட்டிக்கு முதல் வகைதான் சரி. ஆனால் அந்தத் திருகி ஃபேனோடு கூடவே வந்ததாக இருக்க வேண்டும். சுவரில் ஏற்கெனவே இருக்கும் பழைய ரெகுலேட்டர் வழியாக பிஎல்டிசிக்கு லைன் கொடுக்கக் கூடாது. நான் மாட்டிய முதல் பிஎல்டிசியில் இந்தத் தப்பைச் செய்தேன். ரெகுலேட்டரை முழுசில் வைத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். அந்த வீட்டுப் பையன் ஒருநாள் அதைத் திருகியிருக்கிறான். ஃபேன் விட்டுவிட்டு இழுத்து, கர்ரென்று சத்தம் போட்டு, மூன்றாவது வாரம் போர்டு போய்விட்டது. புதுப் போர்டு என் செலவு. ரெகுலேட்டரைக் கழற்றி, இரண்டு ஒயரையும் நேராக இணைத்து, அந்த ஓட்டையில் ஒரு மூடியைப் போடச் சொல்லுங்கள். மாட்டுகிறவர் 'இருக்கட்டும் சார், ஒண்ணும் ஆகாது' என்றால் விடாதீர்கள்.

ரெகுலேட்டரைக் குறைத்து வைத்தால் மிச்சமா என்ற கேள்விக்கு, எந்த ரெகுலேட்டர் என்று பதில் கேள்வி கேட்கணும். தீப்பெட்டிக் கட்டு அளவுக்குப் பெரிதாக, கறுப்பாகவோ வெள்ளையாகவோ சுவரில் துருத்திக்கொண்டு, தொட்டால் சூடாக இருக்கிறதா? உள்ளே பீங்கானில் சுற்றிய கம்பி இருக்கும். ஃபேனுக்குக் கொடுக்காத கரண்ட்டை அது சூடாக்கி வீணடிக்கிறது, அதில் மிச்சம் சொற்பம்தான். ஸ்விட்ச் அளவே இருக்கிற, சூடாகாத எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் என்றால் மிச்சம் உண்டு, மூன்றில் வைத்தால் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இழுப்பு இறங்குவதை மீட்டர் மினுக்கலிலேயே பார்க்கலாம். பெட்டி வகை இன்னும் இருந்தால் இருநூறு முந்நூறு ரூபாயில் எலக்ட்ரானிக் வகைக்கு மாற்றுவது, பிஎல்டிசி வாங்காத படுக்கையறைகளுக்கு நல்ல வேலை. பிஎல்டிசியில் வேகத்தைக் குறைத்தால் மிச்சம் இன்னும் அதிகம். காற்றைத் தள்ளத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் இறங்கும், பாதி வேகத்துக்கு எட்டில் ஒரு பங்கு போதும். பிஎல்டிசி அந்தக் கணக்கை ஓரளவுக்காவது மதிக்கும், நடுவேகத்தில் பன்னிரண்டு பதினைந்து வாட்டில் ஓடிக்கொண்டிருக்கும்.

பழைய ஃபேன் எதையும் குறை சொல்வதற்கு முன்னால், காற்றே வராமல் ஐந்தில் வைத்து ஓட்டுகிறீர்களா என்று பாருங்கள். நிறைய வீடுகளில் பார்த்துவிட்டேன், ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, அதனால் பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேனும் ஓடுகிறது, 2011-ல் அரசு மிக்ஸி, கிரைண்டரோடு விலையில்லாமல் கொடுத்த அதே ஃபேன். மெதுவாகச் சுற்றினால் பத்துக்கு எட்டு தடவை கண்டன்சர்தான். மேலே கப்புக்குள் சிகரெட் பெட்டியைவிடச் சின்னதாக இருக்கும், மேலே 2.5 என்று எழுதியிருக்கும். வயதாக ஆக அதன் அளவு இறங்கும், ஃபேனின் முறுக்கும் இறங்கும். ஐம்பது அறுபது ரூபாய் சாமான். மெயினை அணைத்துவிட்டுத் தெரிந்தவர் மாற்றட்டும், அதே அளவுதான் போட வேண்டும், 'பெருசாப் போட்டா வேகமாச் சுத்தும்' என்று யாராவது சொன்னால் காயில் கருகும் என்று சொல்லுங்கள். றெக்கையின் முன்விளிம்பில் தடித்துப் படிந்த தூசியைத் துடைப்பதும் காற்றைக் கூட்டும். ஃபேன் கூரையோடு ஒட்டி இருந்தால் மேலே இருந்து காற்றை இழுக்க முடியாது. றெக்கைக்கும் கூரைக்கும் ஓர் அடியாவது இருக்கணும், தரையிலிருந்து எட்டு, ஒன்பது அடிக்குள் இருக்கணும்.

அந்தப் பவர் சேவர் பெட்டி சுத்த ஏமாற்று. ஒன்றை உடைத்துப் பார்த்திருக்கிறேன்: ஒரு சின்னக் கண்டன்சர், பச்சையாக எரிய ஒரு எல்இடி, கனம் தெரிய ஒரு கட்டி பிசின். இழுக்கும் கரண்ட்டில் எவ்வளவு உண்மையில் வேலைக்கு ஆகிறது என்பதைக் காட்டும் விகிதம்தான் பவர் ஃபேக்டர். கண்டன்சர் அதைச் சரிசெய்யும் என்பது உண்மைதான், தொழிற்சாலைக்கு அது பெரிய விஷயம். வீட்டு இணைப்பில் பில் போடுவது உண்மையில் செலவான யூனிட்டுக்கு மட்டும். பவர் ஃபேக்டர் எப்படி இருந்தாலும் உங்கள் பில் மாறாது. அந்தப் பச்சை விளக்கு எரியும் கரண்ட் மட்டும் உங்கள் கணக்கில் ஏறும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது, ஃபேனில் நட்சத்திர ஸ்டிக்கர். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு அது கட்டாயம். நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிறுத்தாமல் பெட்டியில் இருக்கும் இரண்டு எண்ணையும் பாருங்கள்: நிமிடத்துக்கு எத்தனை கனமீட்டர் காற்று, எத்தனை வாட். முன்னதைப் பின்னதால் வகுத்தால் வருவதைத்தான் நட்சத்திரமாக்குகிறார்கள். 48 இஞ்ச் ஃபேனில் காற்று 210-க்குக் கீழே இருந்தால், வாட் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். காற்றைக் குறைத்து வாட்டைக் குறைப்பது பெரிய வித்தை இல்லை, பாட்டி வியர்வையில் உட்கார்ந்திருப்பார். எல்இடி பட்டியில் வாட்டைப் பார்க்காமல் லூமென், அதாவது வெளிச்சத்தின் அளவு, பாருங்கள், 20 வாட்டுக்கு 2,000 வரணும். செல்போன் கேமராவில் பார்த்தால் கறுப்புக் கோடுகள் ஓடுகிற விளக்கை ஹாலில் போடாதீர்கள், கண் வலிக்கும். இன்வெர்ட்டர் இருந்தால் ஒரு கூடுதல் லாபம், பிஎல்டிசி போட்ட அறையில் அதே பேட்டரி இருமடங்கு நேரம் தாங்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று, மொட்டை மாடி. ஃபேன் அறையைக் குளிரவைப்பதில்லை, உங்கள் தோலில் இருக்கும் வியர்வையை உலர்த்துகிறது, அவ்வளவுதான். பகல் முழுக்க வெந்த கான்கிரீட் தளம் ராத்திரி பதினொரு மணி வரை சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும், ஃபேன் அந்தச் சூட்டைக் கலக்கிவிடும். பழைய வீடுகளில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு இடித்து, மேலே தட்டோடு பதித்தது இதற்குத்தான். இப்போது அதைச் செய்யச் செலவாகும். பங்குனிக்குள் தளத்துக்கு வெள்ளை அடித்துவிடுங்கள், சுண்ணாம்பாக இருந்தாலும் சரி, கடையில் விற்கும் வெள்ளைப் பூச்சாக இருந்தாலும் சரி. விளம்பரத்தில் சொல்லும் பத்து டிகிரி தளத்தின் மேல்பரப்பில் குறையலாம். அறைக்குள் இரண்டு மூன்று டிகிரி கிடைத்தாலே நான் திருப்திப்படுவேன், அதுவும் வீட்டுக்கு வீடு மாறும். ஆனால் ஃபேனை ஐந்திலிருந்து மூன்றுக்கு இறக்க அது போதும்.

மீதி 230 யூனிட் சொச்சம் ஃப்ரிட்ஜ், தண்ணீர் மோட்டார், டிவி, கிரைண்டர் என்று பிரிந்து போகிறது. அதில் ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்றணும். மற்றதை இந்தப் பதிலில் இழுக்கவில்லை.

பாட்டி அறையிலிருந்து கழற்றும் பழைய ஃபேனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள், இருநூறு ரூபாய்க்கு மேல் தர மாட்டார்கள். மினுக்கல் எண்ணிப் பார்த்து 75 வாட்டுக்குள் இருந்தால் துணியில் சுற்றிப் பரணில் போடுங்கள். சாப்பிடும் இடத்து ஃபேனுக்குக் காயில் போகிற அன்றைக்கு, அங்கே மாட்டிவிடலாம்.